தறிச்சத்தம் குடித்த கதவு

பள்ளிபாளையத்தைத் தாண்டி ஆற்றோரமாகப் போனால் வருகிற சின்னப்பட்டறை வீதியில், தை மாதம் பத்தாம் தேதி காலை பதினொரு மணிக்கு, இருநூற்றுப் பதினாறு தறிகளும் ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தம் மட்டும் நின்றுபோனது. நின்றதற்குக் காரணம் ஒரு பழைய வெள்ளைக் காரின் இடது கதவு என்பதும், அந்தக் கதவுக்குள் தறி மெக்கானிக் பூபதி ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்பதும் பொழுது சாய்வதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்து யாரும் பெரிதாக மலைக்கவில்லை, ஏனென்றால் அந்த வீதியில் ஒயரை மாற்றிக் கொடுத்து எதையாவது தலைகீழாக ஓடவிடாத ஆளே கிடையாது.

பூபதியின் பிழைப்பு காதில் இருந்தது. பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, உள்ளே இருபத்து நாலு தறி ஓடுகிற இரைச்சலுக்கு நடுவில், வடக்கு வரிசை மூன்றாவது தறிக்கு வார் மத்தியானம் தாங்காது என்று சொல்லுவான், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அது அறுந்தும் போகும். இப்படிச் சொல்லிச் சொல்லியே வீதியின் காது என்று பெயர் வாங்கியவன். அந்தக் காது மங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பத்தொன்பது வயதில் பட்டறைக்குள் நுழைந்தவனின் காதை இருபத்தேழு வருஷம் தறி தின்றதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, ஆனால் அதை வெளியே சொன்னால் நாளைக்கு யார் கூப்பிடுவார்கள்? அதனால் அவன் தறியின் சட்டத்தில் உள்ளங்கையை வைத்து, கட்டை அடிக்கிற அதிர்வை விரலுக்கு விரல் பிரித்துப் பார்த்துக் கோளாறு சொல்லப் பழகிக்கொண்டான். பார்க்கிறவர்கள் அவன் சும்மா சாய்ந்து நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் அவனுக்கு ஒரே ஒரு சாக்குதான் இருந்தது, அதுவும் உடையாத சாக்கு. எதைக் கேட்டாலும் "தறிச்சத்தத்துல கேக்கல புள்ள" என்பான். இரண்டு பக்கமும் பட்டறை இருக்கிற வீட்டில் அதை யார் தப்பென்று சொல்ல முடியும்? அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், அவன் மனைவி சாந்தாமணி கொஞ்சம் கூடுதலாகக் கத்தினாள், அவ்வளவுதான். கத்திக் கத்தி அவள் தொண்டை கட்டி, கல்யாணமான புதிதில் பேசிய அந்தச் சன்னமான குரல் என்ன ஆனது என்று அவளுக்கே தெரியாமல் போயிற்று.

அந்தப் பழைய வெள்ளைக் காரை வாங்கிய பிறகு அவனுக்கு இன்னொரு குறை வந்தது. பாட்டுப் போட்டால் யாரோ போர்வைக்குள் படுத்துக்கொண்டு பாடுவதுபோல இருந்தது. கம்பெனியில் வைத்துக் கொடுத்த ஸ்பீக்கர் மட்டம் என்று அவன் சொன்னான். "நல்லாத்தானுங்க பாடுது" என்று சாந்தாமணி சொன்னாள். "உனக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு, ஈரோட்டுக்குப் போய் ஆறரை இஞ்சு ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கி வந்தான். கடைக்காரர் தானே மாட்டித் தருவதாகச் சொன்னதற்கு, இருநூறு தறி பார்க்கிறவனுக்கு ரெண்டு கதவு பார்க்கத் தெரியாதா என்று கேட்டுவிட்டுத்தான் வந்தான்.

மாட்டுவது எப்படி என்று செல்போனில் ஒரு வீடியோ இருந்தது. அதில் ஒருத்தர் கதவைக் கழற்றிக்கொண்டே நிறுத்தாமல் பேசினார், பூபதி அவர் பேச்சை விட்டுவிட்டு அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டான், பேச்சு காதில் விழுந்தால்தானே. அவர் செய்தது போலவே பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்தான். கைப்பிடிக்குள் ஒளிந்திருந்த ஸ்குருவைத் தேடிக் கழற்றினான். கதவின் உள்பலகையைக் கீழ் மூலையிலிருந்து நெம்பியதில் பிளாஸ்டிக் கிளிப்புகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன, இரண்டு உடைந்தும் போயின. உள்ளே கறுப்புப் பசையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழியாமல் உரித்து, அதற்குள் காகிதக் கூம்பும் ஒரு ரூபாய் அளவு காந்தமுமாக உட்கார்ந்திருந்த பழைய ஸ்பீக்கரை எடுத்து, "இத வெச்சு ஏமாத்தியிருக்கானுக பாரு" என்று சாந்தாமணியிடம் காட்டினான். புது ஸ்பீக்கர் ஓட்டையில் சரியாக உட்காராததால், தேய்ந்துபோன நாடாக் கட்டைகளை அறுத்து, வட்டமாக இழைத்து, அதை வளையமாகக் கொடுத்து முடுக்கினான். நாடா என்பது தறியில் நூலைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற கட்டை. அந்த வளையத்துக்கு ஈரோட்டுக் கடைக்காரரே அசந்துபோயிருப்பார்.

ஒயரில்தான் கெட்டது. கதவிலிருந்து வந்த இரண்டு ஒயரில் ஒன்று நீலம், இன்னொன்றும் நீலம், ஒன்றில் மட்டும் வெள்ளைக் கோடு. எது பிளஸ் எது மைனஸ் என்று வீடியோக்காரர் வாயால் சொல்லியிருந்தார். பூபதி தறி மோட்டாருக்குச் செய்வதைச் செய்தான். தறி மோட்டாருக்கு ஒயரை எப்படியாவது கொடுத்து ஓடவிடுவார்கள், தலைகீழாகச் சுற்றினால் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுப்பார்கள், அந்த வீதியில் அதுதான் முறை. ஸ்பீக்கர் சுற்றாது என்பது அவனுக்குத் தோன்றவில்லை. வலது கதவு தற்செயலாகச் சரியாக அமைந்தது, இடது கதவு தலைகீழாக அமைந்தது.

இன்னொரு தப்பும் நடந்தது. புதிதாக எது மாட்டினாலும் முதலில் சாமி பாட்டு ஒன்று போட்ட பிறகுதான் மற்றதெல்லாம். செல்போன் உள்ளே சார்ஜில் கிடந்ததால், சும்மா உயிர் வருகிறதா பார்ப்போம் என்று அவன் சாவியைத் திருப்பிச் சத்தக் குமிழைப் பதினெட்டுக்குத் திருகினான். பாட்டு இல்லாமல் காத்துக்கொண்டிருந்த இடது ஸ்பீக்கருக்கு முதன்முதலாகக் கிடைத்தது எதிரே ஆறுச்சாமி பட்டறையின் தறிச்சத்தம். வெளியே விட வேண்டியது உள்ளே இழுத்தது. அன்றிலிருந்து அதற்குத் தறிச்சத்தம்தான் சாப்பாடு, வேறெதையும் அது தொட்டதில்லை.

சத்தம் நின்ற அந்த நொடியில் வீதி முழுக்க எல்லோரும் எதையோ கத்திக்கொண்டிருந்தார்கள். "சோறு ஆறுது, வந்து தின்னுங்க!" என்று சாந்தாமணி கத்தியது ஆற்றங்கரை வரை கேட்டது. நாலாவது வீட்டில் ஒருத்தர் தன் மச்சினனைப் பற்றி மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தது, ஏழாவது வீட்டிலிருந்த அந்த மச்சினனுக்கே கேட்டது. தங்கள் குரல் இவ்வளவு பெரிசா என்று எல்லோரும் கூசிப்போனார்கள். கரண்டு போய்விட்டதென்று வெளியே ஓடி வந்தவர்கள், ஜன்னல் வழியாகத் தறிகள் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். பட்டறை உரிமையாளர் சங்கத்துக்குத் தலைவரான ஆறுச்சாமி காரைச் சுற்றி வந்து, குமிழை அவரே திருகிப் பார்த்தார். ஐந்தில் வைத்தால் அவர் பட்டறை மட்டும் அடங்கியது, பத்தில் பாதி வீதி, பதினெட்டில் முழு வீதி.

"ஏப்பா பூபதி, இத இப்பிடியே உடு. பரீச்சை வருதல்லோ, புள்ளைக படிக்கட்டும்" என்றார்.

"ஒயர மாத்திக் குடுத்தர்றனுங்ணா, அஞ்சு நிமிச வேலை."

"மாத்துனா கையக் காலை முறிச்சுப் போடுவம். உடுப்பா."

அப்படியாகக் கார் வீதியுடைய கார் ஆனது. முதல் வாரம் முழுக்கப் பதினெட்டிலேயே வைத்தார்கள். குழந்தைகள் பகலில் தூங்கின. தொட்டிலை ஆட்ட வேண்டிய பெண்கள் கை சும்மா இருப்பது பொறுக்காமல் ஆட்டினார்கள். பெண் பார்க்க வந்த சேலத்துக்காரர்கள், முன்பெல்லாம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறவர்கள், உட்கார்ந்து பேசி, பேசியதால் இரண்டு சம்பந்தம் கலைந்தது, ஒன்று கூடியது. பேட்டரி இறங்கினால் முறைபோட்டுச் சார்ஜ் ஏற்றினார்கள். காருக்கு வெள்ளிக்கிழமைதோறும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள், இடது கதவுக்கு மட்டும் ஒரு முழம் பூ.

எட்டாம் நாள் ஆறுச்சாமி பட்டறையில் நாடா பறந்தது. தெய்வானை என்கிற பெண் எட்டுத் தறி ஓட்டுகிறவள், எட்டையும் கண்ணால் பார்க்க முடியாது, ஏழை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு காதால்தான் பார்ப்பாள். நூல் தீர்ந்தாலும் வார் தளர்ந்தாலும் சத்தம் மாறும், மாறினதும் திரும்புவாள். சத்தமே இல்லாததால் அவள் திரும்பவில்லை, இரும்பு முனை வைத்த நாடா தறியைவிட்டுத் தெறித்து அவள் காதோரம் உரசிக்கொண்டு போய்ச் சுவரில் குத்தி நின்றது. அந்த வாரத் துணியை விரித்துப் பார்த்தால் முழக்கணக்கில் இழை ஓடாத பொத்தல். உடனே கூட்டம் போட்டார்கள். காலையில் ஒரு மணி நேரமும் சாயங்காலம் இரண்டு மணி நேரமும் மட்டும் அமைதி என்றும், அந்த நேரத்தில் வீதியின் காதாகிய பூபதி பட்டறை பட்டறையாகப் போய்த் தறிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் முடிவாகி, சங்கச் சுவரில் பெயின்டில் எழுதினார்கள்.

பூபதி போனான். உள்ளங்கையை வைத்தான், சொன்னான். ஒன்றும் தப்பவில்லை. சத்தமே இல்லாத தறியின் கோளாறைக் காதால் கண்டுபிடிக்கிறானே என்று அவன் பெயர் திருச்செங்கோடு வரைக்கும் பரவியது. "உங்களுக்குப் பாம்புக் காதுங்ணா" என்றாள் தெய்வானை. அவன் அவள் உதட்டைப் பார்த்துச் சிரித்துவைத்தான். எப்போது மாட்டிக்கொள்வோமோ என்று, யார் பேச வாயெடுத்தாலும் அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்றுகொண்டான். சத்தத்தைக் குடித்த கதவு அவனுடைய சாக்கையும் சேர்த்துக் குடித்துவிட்டது.

மாசி மாதம் ஒரு சாயங்காலம், அமைதி நேரத்தில், பட்டறைகளை ஒரு சுற்று முடித்துவிட்டு அவன் காரில் வந்து உட்கார்ந்தான். சாந்தாமணி பூவைத்த கதவைப் பதமாகத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், கண்ணாடியை ஏற்றினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்குக் கத்த வேண்டாமென்று இருந்தது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே, அவளுடைய பழைய குரலில், மெதுவாகப் பேசினாள்.

"இன்னிக்குக் குழம்புக்குக் கத்திரிக்காய் நல்லா இருந்துச்சுங்களா?"

"ம்... ஆமா புள்ள."

மத்தியானம் வைத்தது கீரைக் குழம்பு.

"நாளைக்கு நான் உங்கள உட்டுப்போட்டு ஓடிப் போலாம்னு இருக்கறனுங்க."

"சரி, போயிட்டு வா. பொழுதோட வந்துரு."

சாந்தாமணிக்கு முதலில் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள், சிரிப்பு நின்ற இடத்திலேயே அழுகை வந்தது. இரண்டு வருஷமாக அவன் மதிக்காமல் இருக்கிறான் என்று நினைத்து எத்தனை ராத்திரி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். என்ன புள்ள என்று அவன் பதறினான். தூசி என்று கண்ணைக் காட்டினாள். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டான், ஒத்துக்கொண்டால் தாங்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை.

பங்குனியில் கதவு கனக்க ஆரம்பித்தது. முதலில் பூட்டு சரியாக விழவில்லை, பிறகு கீல் தொங்கியது, பிறகு அதைத் தூக்கிச் சாத்த இரண்டு ஆள் வேண்டியிருந்தது. காரே இடது பக்கம் சாய்ந்து நின்றது. பானெட்டில் வைத்த டீ கிளாஸ் தானாக நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது. உள்பலகையின் கிளிப்புகள் தாமாகவே ஒவ்வொன்றாகத் தெறித்தன, நாடாக் கட்டை வளையம் விண்விண்ணென்று துடித்தது. கை வைத்துப் பார்த்த பூபதி வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். மூன்று மாதத் தறிச்சத்தம் உள்ளே முட்டிக்கொண்டு நின்றது.

பரீச்சையும் முடிந்திருந்ததால் சங்கம் கூடியது. ஒயரை மாற்றினால் குடித்ததெல்லாம் வெளியே வந்துவிடும், வீதியில் வைத்து மாற்றினால் ஒரு ஓடு மிஞ்சாது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆற்று மணலுக்குக் கொண்டு போகலாம். ஆனால் கதவுக்குப் பக்கத்தில் நின்று மாற்றுகிறவன் கதி?

"காது போயிருமேப்பா" என்றார் ஆறுச்சாமி. "உன்ற பொளப்பே காதுலதான் இருக்குது. வேற ஆளப் பாக்கலாம்."

பூபதி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் மாட்டுனது, நானே கழட்டறனுங்ணா" என்றான்.

சித்திரை இரண்டாம் தேதி காலை, கயிறு கட்டி முப்பது பேர் காரை ஆற்றுக்குள் இறக்கினார்கள். தண்ணீர் எதிர்க்கரையை ஒட்டி ஒடுங்கிப்போய் ஓடியது. வீதியே கரைமேல் நின்றது. சாந்தாமணி மட்டும் மணலில் இறங்கி வந்து, எண்ணெயில் நனைத்த இரண்டு பஞ்சு உருண்டையை அவன் கையில் வைத்தாள். அவன் அதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவள் தலையைப் பிடித்து, இந்தக் காதில் ஒன்று, அந்தக் காதில் ஒன்று, அவளுக்கே வைத்து அடைத்துவிட்டான். அவள் அப்பால் போகவில்லை, காரின் பின்புறம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அவன் கதவின் பிளாஸ்டிக் தாளை விலக்கி, வெறும் நீல ஒயரையும் வெள்ளைக் கோடு போட்ட ஒயரையும் பிடுங்கி, இடம் மாற்றிச் சொருகினான்.

வந்தது. காரின் ஆறு கண்ணாடிகளும் தூளாயின. மணல் கணுக்கால் உயரத்துக்கு எழும்பி நின்றது, தண்ணீர் எதிர்க்கரையோடு ஒண்டிக்கொண்டது, பாலத்துத் தூண்களிலிருந்த புறாக்கள் அத்தனையும் பவானிப் பக்கம் போனவை ஆடி மாதம்தான் திரும்பி வந்தன. கரையில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு குப்புற விழுந்தார்கள். ஆறுச்சாமி வேட்டியால் தலையைச் சுற்றிக்கொண்டு உருண்டார். முகத்தை மண்ணில் புதைத்தபடியே ஓரக்கண்ணால் அவர்கள் பார்த்தார்கள்: பூபதி கதவுக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு, நிமிர்ந்து நின்றிருந்தான். பஞ்சு இல்லை. காதைப் பொத்தவும் இல்லை. கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குக் கேட்டது. பத்தொன்பது வயதில் முதன்முதலாகப் பட்டறைக்குள் நுழைந்தபோது கேட்டதுபோல, ஒவ்வொரு தறியும் தனித்தனியாகக் கேட்டது, கட்டை அடிப்பது வேறாக, நாடா போய் மோதுவது வேறாக, வார் இழுபடுகிற அந்தச் சின்னக் கீச்சொலி வேறாக. "வடக்கு வரிசை ரண்டாவது, வார் தளந்திருக்குது" என்று வாய்விட்டுச் சொன்னான். "தெய்வானை அஞ்சாம் தறி, நூல் தீந்துபோச்சு, பாரு, பாரு." இருநூற்றுப் பதினாறையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ஒருத்தருக்கும் கேட்கவில்லை, எல்லோரும் அவன் வாய் அசைவதைப் பார்த்தார்கள், பார்த்துப் புரிந்துகொண்டார்கள். மறுநாள் ஆறுச்சாமி வழக்கம்போல வாசலில் நின்று கத்தாமல், உள்ளே வந்து தோளைத் தொட்டு, தறியைக் கையால் காட்டி அவனை அழைத்துப் போனது அதனால்தான்.

சூரியன் பனைமரத்துக்கு மேலே வந்தபோது எல்லாம் தீர்ந்தது. மணல் அடங்கியது. கரையிலிருந்தவர்கள் எழுந்தார்கள், எழுந்து ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் கத்தினார்கள், "என்ன?" "ஏன்?" "கேக்கல, சத்தமாச் சொல்லு!" அன்று மத்தியானம் வரை வீதியில் யாருக்கும் காது கேட்கவில்லை.

பூபதி மணலில் உட்கார்ந்தான். அவன் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்துகொண்டே போனது. கரையைப் பார்த்தான், எல்லோரும் கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, திக்கித்திணறிக்கொண்டிருந்தார்கள். இதைவிட நல்ல நேரம் இனி வாய்க்காது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"எனக்குக் காது கேக்கறதில்லீங்க" என்று கரையைப் பார்த்து உரக்கச் சொன்னான். "ரண்டு வருசமாச்சு. கையாலதான் பாக்கறேன். சொன்னா வேலை போயிரும்னு சொல்லுல. அவகிட்டயும் சொல்லுல."

கரையில் ஒருத்தரும் திரும்பவில்லை. சாந்தாமணி காருக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள், வரும்போதே காதிலிருந்த பஞ்சு இரண்டையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அவன் எதிரில் உட்கார்ந்து, அவன் வலது கையைப் பிடித்து, தறிச் சட்டத்தில் அவன் வைப்பானே அதேபோல் உள்ளங்கை படியும்படி தன் தொண்டையில் வைத்து அழுத்தினாள். கத்தவில்லை. அவளுடைய பழைய குரலில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

அவன் விரல்கள் கொஞ்சம் நகர்ந்து சரியான இடத்தைத் தேடின.

"இன்னொருக்காச் சொல்லு புள்ள."

"தெரியுமுங்க" என்றாள் சாந்தாமணி.